தீபாவளிக் கறியை தைப்பூசத்துக்கு அப்புறம் காய வைங்க!

தீபாவளி வந்தா தங்கச்சிங்க கேக்குற முதல் கேள்வி, "அக்கா, மிச்சக் கறியில உப்புக்கண்டம் போட்டுடட்டுமா?" போடலாம்மா, ஆனா அந்த மாசம் வேண்டாம். அக்டோபர், நவம்பர்ல சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கமெல்லாம் காலையில சுள்ளுன்னு வெயில் அடிக்கும், சாயங்காலம் இடி இடிச்சு ஊத்தும். அரைகுறையா காஞ்ச கறி ஒரே ராத்திரியில நாறிடும். கொழுப்பை எடுத்துட்டு ஃப்ரீசர்ல போட்டு வைங்க. தைப்பூச விரதம் முடிஞ்ச கையோட, பிப்ரவரி வெயில்ல ஆரம்பிங்க. நெகிரி செம்பிலான்ல மழை குறையிற காலம் அது. குவாலா பிலா, ஜெலுபு ஆளுங்களுக்குக் கவலையே இல்ல, அங்க மழையே கம்மி. புகைமூட்டம் வர்ற மாசத்துல மட்டும் யாரும் வெளியில தொங்க விடாதீங்க.

அந்தக் காலத்துல தோட்டத்து லயத்து வீட்டுல ஃப்ரிட்ஜ் ஏது? ஜெனரேட்டர் விளக்கே ராத்திரி கொஞ்ச நேரந்தான். முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டினா மிஞ்சின கறியை உப்புல பிசறி, கோணி ஊசியால கோத்து, பகல்ல வாசல் கொடியிலயும் ராத்திரி அடுப்புக்கு மேலயும் தொங்க விடுவாங்க. பால்மர விறகுப் புகை பட்டுப்பட்டு, ஓரமெல்லாம் கறுத்து, நடுவுல செம்மண் நிறத்துல இருக்கும். ஈயும் அண்டாது. இப்ப கேஸ் அடுப்புல அந்தப் புகைக்கு எங்க போறது? அதனாலதான் நாம கூடுதல் கவனமா இருக்கணும்.

எலும்பில்லாத ஆட்டுத் தொடைக்கறி நல்லது. ஐஸ் முழுசா விடுறதுக்கு முன்னாடியே வெட்டுங்க, கத்தி வழுக்காம கால் அங்குலக் கனத்துல நீட்டுத் துண்டா வரும். கொழுப்பு ஒட்டியிருந்தா விடாதீங்க. அது காயாது, பத்து நாள்ல காறல் அடிக்கும். ஒரு கிலோவுக்கு 60 கிராம் கல்லுப்பு, ரெண்டு தேக்கரண்டி மஞ்சள், ரெண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள். பிசறி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வைங்க. காலையில விட்டிருக்குற தண்ணியோடயே அடுப்புல ஏத்தி அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு வடிங்க. பாட்டிமாருங்க முகம் சுளிப்பாங்க, பரவாயில்ல. கறி உள்ளுக்குள்ள 71 டிகிரி சூடு கண்டாத்தான் கெட்ட கிருமி சாகும், நம்ம வெயிலுக்கு அந்தச் சூடு கிடையாது.

துண்டுக்குத் துண்டு விரல் நுழையிற இடைவெளி விட்டுக் கோத்து, கொசுவலைத் துணி போட்டு, ஒன்பது மணிக்குத் தொங்க விடுங்க. நாலு மணிக்கு உள்ள எடுத்துடணும், பனி படக்கூடாது. நாலஞ்சு நாள் ஆகும். நடுவுல வானம் கறுத்தா அவன்ல 70 டிகிரி வைச்சு, கதவைக் கொஞ்சம் திறந்து விட்டு முடிச்சுடுங்க. ஒரு கிலோ கறி மூணுல ஒரு பங்கா வத்தி, ஒடிச்சா உள்ள ஈரமில்லாம நார் நாரா பிரியணும்.

காட்டுப் பன்றிக் கறி கிடைக்கிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கறிக்குள்ள நுண்புழு இருக்கலாம். உப்பு, வெயில், ஃப்ரீசர் எதையும் நம்பாதீங்க, முழுசா வேக வைச்சே தின்னுங்க. வேட்டைக்கு வனவிலங்குத் துறையோட (பெர்ஹிலித்தான்) லைசென்ஸ் வேணும்கிறதையும் வீட்டு ஆம்பளைங்களுக்கு ஞாபகப்படுத்துங்க.

ஆட்டு உப்புக்கண்டத்தைச் சமைக்கிறப்ப வெந்நீர்ல இருபது நிமிஷம் ஊற வைச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. அம்மியில தட்டி, நல்லெண்ணெயில சின்ன வெங்காயத்தோட வதக்கினா ரசத்துக்குப் போதும். எனக்கு அதைவிடப் பிடிச்சது வேற. நம்ம மாநிலத்து மலாய்க்காரங்க மாட்டுக்கறியையும் வாத்தையும் புகையில வாட்டி, சாலைன்னு சொல்லி, சில்லி பாடியும் மஞ்சளும் இடிச்சுப் போட்டுத் தேங்காய்ப்பால்ல 'மசாக் லெமாக்' வைப்பாங்க. அதே குழம்புல நம்ம ஆட்டு உப்புக்கண்டத்தைப் போட்டுப் பாருங்க, ஒரு வாய் சோறு கூடவே இறங்கும். உப்பு மட்டும் கடைசியில ருசி பார்த்துட்டுப் போடுங்க, பெரும்பாலும் தேவைப்படாது.

காஞ்ச துண்டுகளைக் கண்ணாடிப் போத்தல்ல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. பூஞ்சை பூத்த துண்டைச் சுரண்டிட்டுத் திங்காதீங்க, போத்தலோட கொட்டிடுங்க. ரத்தக்கொதிப்பு உள்ள அப்பா அம்மாவுக்கு ரெண்டு துண்டுக்கு மேல வைக்காதீங்க, கேட்டாலும்.