தேடாமல் விட்ட 46 ஆயிரம் பைல்கள்

மொபைல் போனில் எடுத்த வீடியோ ஒன்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, விஎல்சி பிளேயரில் திறந்து, டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்பர்மேஷன் என்பதைக் கிளிக் செய்து பாருங்கள். பல வீடியோக்களில் எச்.264 அல்லது ஏவிசி என்று காட்டும். வீடியோவைச் சுருக்கிச் சேமிப்பதற்கான இந்த வரையறை 2003ஆம் ஆண்டு மே மாதம் இறுதி செய்யப்பட்டது. அதை உருவாக்கிய கூட்டுக் குழுவுக்கு ஜேவிடி என்று பெயர். இந்தக் குழு தொடர்பான இமெயில்களைத் தேடி எடுத்துக் கொடுக்காததால் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் தலையில் 85 லட்சம் டாலருக்கு மேல் விழுந்தது. ஆறு வழக்கறிஞர்கள் தொழிலையே இழக்கலாம் என்ற நிலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள்.

நான் சட்டம் படித்தவன் அல்ல, சாப்ட்வேர் எழுதுபவன். ஆனாலும் இந்த வழக்கைப் படித்தபோது, கோர்ட்டில் நின்றவர்கள் வக்கீல்களாக இருந்தாலும் கோளாறு தொடங்கிய இடம் நம்மைப் போன்றவர்களின் இன்பாக்ஸ் என்று தெரிந்தது. அதனால்தான் கம்ப்யூட்டர் பத்திரிகையில் இந்தக் கட்டுரை.

ஈ-டிஸ்கவரி என்றால் என்ன?

அமெரிக்க சிவில் வழக்குகளில் டிஸ்கவரி என்று ஒரு கட்டம் உண்டு. விசாரணை தொடங்கும் முன் இரு தரப்பினரும் ஒருவரிடம் ஒருவர் ஆவணங்களைக் கேட்கலாம். கேட்டது வழக்குக்குச் சம்பந்தப்பட்டதாக இருந்தால், தனக்குப் பாதகமாக இருந்தாலும் எடுத்துக் கொடுத்தாக வேண்டும். "அவன் போட்ட கேஸ், அவனே நிரூபிக்கட்டும்" என்று சும்மா இருக்க முடியாது. வக்கீலும் கட்சிக்காரரும் ரகசியமாகப் பேசிக்கொண்டவை போன்ற சில மட்டும் விதிவிலக்கு.

பேப்பர் காலத்தில் அலமாரியைத் திறந்து கொடுத்தார்கள். இன்று அந்த அலமாரி சர்வரிலும் லேப்டாப்பிலும் போனிலும் பழைய பேக்-அப் டிஸ்க்கிலும் சிதறிக் கிடக்கிறது. இவற்றில் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் ஈ-டிஸ்கவரி. 2006 டிசம்பர் 1 முதல் அமெரிக்கப் பெடரல் சிவில் நடைமுறை விதிகளில் மின்னணு முறையில் சேமித்த தகவல்கள் என்று தனியாகவே குறிப்பிட்டுவிட்டார்கள்.

இதில் வக்கீலுக்கும் கடமை உண்டு. பதிலில் அவர் போடும் கையெழுத்துக்கு, நியாயமான அளவு விசாரித்த பிறகே இதைத் தருகிறேன் என்று பொருள். "கட்சிக்காரர் இல்லை என்றார், நானும் இல்லை என்றேன்" என்பது பதில் ஆகாது. அதே சமயம் கட்சிக்காரரின் ரகசியத்தையும் அவர் காப்பாற்ற வேண்டும். இந்த இரண்டும் மோதும் இடத்தில்தான் நம் கதை வருகிறது.

குவால்காம் - பிராட்காம் வழக்கு

2005 அக்டோபரில் சான் டியாகோ பெடரல் கோர்ட்டில் பிராட்காம் மீது குவால்காம் வழக்குத் தொடர்ந்தது. வீடியோ தொடர்பான தன்னுடைய இரண்டு பேட்டன்ட்களை பிராட்காம் மீறிவிட்டது என்பது புகார். பிராட்காம் ஒரு கேள்வி எழுப்பியது. எச்.264 உருவான காலத்தில் குவால்காம் ஜேவிடி குழுவில் கலந்துகொண்டதா? கலந்துகொண்டு, பேட்டன்ட் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டு, வரையறை வெளியான பிறகு பணம் கேட்டால் அது செல்லாது என்பது அவர்கள் வாதம். குவால்காம் தரப்போ, வரையறை வெளியாகும் வரை நாங்கள் அந்தக் குழுவில் கலந்துகொள்ளவே இல்லை என்று அடித்துச் சொன்னது. மற்ற ஆவணங்களை 12 லட்சம் பக்கங்களுக்கு மேல் கொடுத்தது. ஜேவிடி பற்றி மட்டும் ஒன்றும் இல்லை.

2007 ஜனவரி 9இல் விசாரணை தொடங்கியது. 14ஆம் தேதி, சாட்சி சொல்ல இருந்த ஒரு குவால்காம் ஊழியரைத் தயார் செய்துகொண்டிருந்த இளம் வழக்கறிஞர் அவருடைய பழைய மெயில் ஒன்றைப் பார்த்தார். 2002 ஆகஸ்டில் வந்தது. 'ஏவிசி_சிஇ' என்ற மெயிலிங் லிஸ்டுக்கு அவரை வரவேற்கும் மெயில் அது. ஜேவிடி தொடர்பான லிஸ்ட். உடனே அந்த லேப்டாப்பில் லிஸ்டின் பெயரைக் கொடுத்துத் தேடினார்கள். 21 மெயில்கள் கிடைத்தன.

இங்கே என்ன செய்திருக்க வேண்டும்? ஒருவருடைய லேப்டாப்பிலேயே 21 இருந்தால் மற்றவர்களிடம் எவ்வளவு இருக்கும் என்று தேடியிருக்க வேண்டும். வழக்கறிஞர்கள் கூடிப் பேசினார்கள். எதிர்த்தரப்பு கேட்ட வரையறைக்குள் இவை வரவில்லை என்று முடிவு செய்து, கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து, அந்த லிஸ்டின் சந்தாதாரர் பட்டியலில் குவால்காம் ஊழியர் பெயர் இருப்பதை பிராட்காம் காட்டியபோது, அந்த முகவரிக்கு மெயில் எதுவும் போனதாக ஆதாரம் இல்லை என்று குவால்காமின் வழக்கறிஞர் ஒருவர் நீதிபதியிடமே வாதாடினார். 24ஆம் தேதி அந்த ஊழியர் கூண்டில் ஏறினார். குறுக்கு விசாரணையில், ஆமாம், மெயில்கள் வந்தன என்றார். அன்றே 21 மெயில்களும் பிராட்காம் கைக்குப் போயின. இரண்டு நாளில் ஜூரி பிராட்காம் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

விஷயம் அதோடு முடியவில்லை. தீர்ப்புக்குப் பிறகு முறையாகத் தேடினார்கள். 21 ஊழியர்களின் மெயில்களில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள், 3 லட்சம் பக்கங்களுக்கு மேல். விசாரணையில் தாங்கள் வாதிட்டதற்கு இவை முரணாக இருப்பதாக ஏப்ரல் மாதம் குவால்காம் தரப்பே கோர்ட்டுக்கு எழுதியது. அந்த இரண்டு பேட்டன்ட்களையும் செயல்படுத்த முடியாது என்று ஆகஸ்டில் நீதிபதி ருடி புரூஸ்டர் உத்தரவிட்டார். (2008 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை எச்.264 பொருட்களுக்கு மட்டும் என்று சுருக்கியது.) 2008 ஜனவரியில் மாஜிஸ்ட்ரேட் நீதிபதி பார்பரா மேஜர், பிராட்காமின் செலவாக 85,68,633 டாலரை குவால்காம் தர வேண்டும் என்றார். ஆறு வழக்கறிஞர்களின் பெயர்களை ஒழுங்கு விசாரணைக்காக கலிபோர்னியா மாநில பார் அமைப்புக்கு அனுப்பினார்.

அந்த ஆறு பேரின் நிலையை யோசித்துப் பாருங்கள். "கம்பெனி எங்களிடம் இப்படிச் சொன்னது" என்று அவர்கள் பேசவே முடியவில்லை. வக்கீல் - கட்சிக்காரர் ரகசியம் என்று குவால்காம் அந்த உரையாடல்களைப் பூட்டி வைத்திருந்தது. தன்னைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு வக்கீல் வாய் திறக்கலாம் என்று 2008 மார்ச்சில் நீதிபதி புரூஸ்டர் சொன்ன பிறகுதான் அவர்கள் தரப்பு வெளியே வந்தது. 2010 ஏப்ரலில் மேஜர் அதே கேள்வியை மறுபடி விசாரித்து, இவர்களிடம் கெட்ட நோக்கம் இல்லை என்று விட்டுவிட்டார். ஆனால் தவறே நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. வக்கீல்களும் குவால்காமின் எஞ்சினியர்களும் ஒரு முறைகூட உருப்படியாக உட்கார்ந்து, வழக்கு எதைப் பற்றியது, எந்தெந்தக் கம்ப்யூட்டரில் என்ன இருக்கும் என்று பேசவில்லை. ஆவணங்களைச் சேகரிப்பது யார் பொறுப்பு என்பதே தெளிவாக இல்லை.

ஏன் கிடைக்கவில்லை?

இதற்கு என் சொந்த மெயிலே போதும். வேலையில் சேர்ந்த புதிதில் ஆர்வக்கோளாறில் நான்கைந்து டெக்னிக்கல் மெயிலிங் லிஸ்ட்களில் சேர்ந்தேன். மெயில்கள் வந்து குவிந்ததும், அவை தானாகவே தனி போல்டருக்குப் போகும்படி ரூல் போட்டுவிட்டேன். பிறகு அந்த போல்டரைத் திறக்கவே இல்லை. "நீ அந்தக் குழுவில் இருந்தாயா?" என்று இன்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். பொய் சொல்லும் எண்ணமே இருக்காது. ஆனால் என் பெயரில் ஆயிரக்கணக்கான மெயில்கள் அங்கே இருக்கும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். எச்.264 என்பதற்கே எம்பெக்-4 பார்ட் 10, ஏவிசி என்று வேறு பெயர்கள் உண்டு. உருவாகிக்கொண்டிருந்த காலத்தில் அதை எச்.26எல் என்றார்கள். எச்.264 என்று மட்டும் தேடுபவருக்குப் பழைய மெயில்கள் அகப்படாது. எந்தெந்தச் சொல்லைத் தேட வேண்டும் என்பது வக்கீலுக்குத் தெரியாது. அந்த வேலையைச் செய்த எஞ்சினியருக்குத்தான் தெரியும். ஸ்கேன் செய்த பிடிஎப், பாஸ்வேர்ட் போட்ட ஜிப் பைல் ஆகியவை வேறு. சாதாரண சர்ச் இவற்றின் உள்ளே பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்

வீடு கட்டும் கான்ட்ராக்டருடன் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசிய தொகை வாட்ஸ்அப்பில் இருக்கிறது, விரிசல் விட்ட சுவரின் போட்டோக்கள் போனில் இருக்கின்றன. பலரும் முதலில் செய்வது, போட்டோக்களை வாட்ஸ்அப்பில் வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, இடம் போதவில்லை என்று போனில் உள்ளதை டெலீட் செய்வது. சாதாரணமாக அனுப்பும் போட்டோவை வாட்ஸ்அப் சுருக்கிவிடும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். ஒரிஜினல் போனிலேயே இருக்கட்டும்.

இன்னொரு சோதனை. பழைய பைல் ஒன்றை விண்டோஸில் வேறு போல்டருக்குக் காப்பி செய்யுங்கள். புதிய பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். கிரியேட்டட் தேதி இன்றைக்கு மாறியிருக்கும், மாடிபைட் தேதி மட்டும் பழையதாகவே இருக்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட பைல்! எதிர்த்தரப்பு வக்கீல் இதை வைத்தே உங்களைச் சந்தேகப்படலாம். எனவே எந்தத் தேதியில், எதிலிருந்து எதற்குக் காப்பி செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூடவே ஹாஷ் எடுத்து வைப்பது நல்லது. செவன்-ஜிப் இருந்தால் பைலில் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ என்ற மெனுவில் எஸ்எச்ஏ-256 என்பதைத் தேர்ந்தெடுக்கவும். 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி கிடைக்கும். பைலில் ஒரு புள்ளி மாறினாலும் இந்த வரி முற்றிலும் மாறிவிடும்.

இது நம் நாட்டுக்கும் பொருந்தும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அந்தப் படிவத்தின் ஒரு பகுதியை நீங்களும், இன்னொரு பகுதியை நிபுணர் ஒருவரும் நிரப்ப வேண்டும்.

வாட்ஸ்அப்பில் தானாக மறையும் மெசேஜ் வசதியை ஆன் செய்திருந்தால், தகராறு தொடங்கியதுமே ஆப் செய்துவிடுங்கள். உங்களுக்குப் பாதகமான மெசேஜ்களை மட்டும் பொறுக்கி அழிக்க வேண்டாம். அதே உரையாடல் எதிராளியின் போனிலும் இருக்கிறது. வக்கீலைப் பார்க்கப் போகும்போது போனோடு நிறுத்திக்கொள்ளாமல், பரணில் கிடக்கும் பழைய லேப்டாப், மனைவியின் போன், மறந்துபோன இரண்டாவது இமெயில் முகவரி எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.