பிக்கப் வண்டிக்கு மழைக்கால டயர்: விலையைப் பார்க்காதீங்க, கிலோமீட்டர் கணக்கைப் பாருங்க

பனி கொட்டுற நாடுகள்ல குளிர்காலத்துக்குன்னே தனி டயர் மாட்டுவாங்க. நம்ம திருப்பூர்ல சவால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். துணி ரோல் ஏத்திக்கிட்டு டையிங், காம்பாக்டிங்னு ஓடுற பிக்கப்புக்கு டயர் வாங்கும்போது இதைப் பாருங்க.

1. பட்டன் ஆழம்: சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. இருக்கணும். மழைக்கு அது பத்தாது. தண்ணி வெளியேற வழியில்லாம வண்டி வழுக்கும். 3 மி.மீ. வந்ததுமே மாத்திடுங்க.

2. லோடு எண்: டயர் பக்கவாட்டில் அளவுக்கு அடுத்து இருக்கும். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் குறையக் கூடாது.

3. தயாரிப்பு தேதி: 3525 என்றால் 2025-ம் ஆண்டின் 35-வது வாரம். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடிக்காக வாங்காதீங்க.

4. கணக்கு: உதாரணத்துக்கு, 5,000 ரூபாய் டயர் 40,000 கி.மீ. ஓடினா, கிலோமீட்டருக்கு 12.5 பைசா. 6,000 ரூபாய் டயர் 60,000 கி.மீ. ஓடினா, 10 பைசாதான். நாலு டயருக்கு, 60,000 கி.மீ. ஓட்டத்துல 6,000 ரூபாய் மிச்சம்!

5. பில்: 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. உங்க ஜிஎஸ்டி எண்ணோட பில் வாங்கினா, சரக்கு வண்டி டயருக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், ஆடிட்டர்கிட்ட கேட்டுக்குங்க.

டயர்ல ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், ஈர ரோட்டுல பிரேக் பிடிக்கலைன்னா போறது துணி மட்டுமில்லை, டிரைவர் உயிரும்தான். டயர் மாத்துற அன்னைக்கே மீட்டர் ரீடிங்கை நோட்டுல எழுதி வைங்க. அடுத்த தடவை எதை வாங்கறதுன்னு அந்த நோட்டே சொல்லிடும்.