சனிக்கிழமை ஆயத்தம்

பாளையங்கோட்டை,
லெந்து முதல் வாரம்.

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

போனில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். உன் பெரியம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேளுங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். பெங்களூரில் நீ போகிற சபையில் எல்லாரும் கையை உயர்த்திப் பாடுகிறார்கள், அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், எனக்கு மட்டும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, நான் விசுவாசிதானா என்றாய்.

விதைக்கிறவன் உவமையை எடுத்து நிதானமாக வாசித்துப் பார். ஓய்வுநாள் பள்ளியில் வண்ணம் தீட்டியதோடு நாம் மூடி வைத்துவிட்ட உவமை அது. நான்கு வகை நிலத்தில், வசனத்தைக் கேட்டவுடன் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது எது? கற்பாறை நிலம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். வேர் இல்லை, வெயில் ஏறியதும் கருகிற்று. நல்ல நிலத்துக்கு வரும்போது லூக்கா சொல்வது பொறுமையை. பொங்கி வருகிற சந்தோஷமெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. உன் பக்கத்தில் நின்று அழுகிறவளின் இருதயத்தை அளக்கிற வேலை நமக்கு இல்லை. அந்த அழுகை உனக்கு வரவில்லை என்பதை வைத்து உன் விசுவாசத்தை எடை போடாதே என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையில் படுத்து, ஞாயிறு காலை ஆராதனையில் போய் நின்றால் எந்த இருதயம் அசையும்? எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்கும் ஒரு கண்டிப்பு இல்லை. திரும்ப எழுப்பிச் சாப்பாடுதான். ஓரேப் மலையில் ஆண்டவர் அவனோடு பேசியது நாற்பது நாள் நடந்த பிறகு. தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருக்கிறாய் என்றால் டாக்டரிடம் போ. அதை ஜெபக்குறைவு என்று யாராவது சொன்னால் எலியாவின் இந்தக் கதையை வாசிக்கக் கொடு.

இனி நற்கருணைக்கு முந்தின நாள் ஆயத்தத்துக்கு வருகிறேன். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவாவதற்கு முன்பு நம் திருநெல்வேலி சபைகள் ஆங்கிலிக்கன் சபைகளாக இருந்தவை. ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் நற்கருணை முறைமையின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு உண்டு: பந்தியில் சேர விரும்புகிறவர்கள் முந்தின நாளாவது குருவானவரிடம் பெயர் கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்குள் பகை இருப்பது தெரிந்தால், அவர்கள் ஒப்புரவாகும்வரை குருவானவர் அவர்களைச் சேர்க்கக் கூடாது. இந்தக் கண்டிப்பைப் பற்றிப் பலருக்குப் பல அபிப்பிராயம். எனக்கு அது பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்குவதில்லை என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் சின்ன வயசில் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை நடக்கும். பக்கத்து வீட்டு ஆடு எங்கள் முருங்கைக் கன்றை மேய்ந்துவிட்டதில் ஆச்சிக்கும் அந்த வீட்டு அம்மாளுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. மறுநாள் நற்கருணை. ஆச்சி அவித்த பனங்கிழங்கை நாலைந்து எடுத்து, நார் உரித்து, முந்தானையில் மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவளிடம், கோபம் போயிட்டா ஆச்சி என்று கேட்டேன். "அது போறப்ப போவட்டும்ல. நான் போயிட்டு வந்துட்டம்லா" என்றாள். ஆராதனைக்கு நேரமாகிறது என்று என்னை விரட்டிவிட்டு வெள்ளைச் சேலையைத் தேடப் போய்விட்டாள்.

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தைச் சந்தோஷத்தின் நிருபம் என்று எல்லாரும் சொல்வார்கள். காவலில் இருந்துகொண்டு எழுதியது என்பதையும் சொல்வார்கள். நாலாம் அதிகாரத்தில் எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கச் சொல்கிற அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் முன்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். சுவிசேஷத்துக்காகப் பவுலோடு கூடப் பாடுபட்டவர்கள். அவர்களுக்குள் என்ன தகராறோ, எழுதவில்லை. பெயர் சொல்லிப் புத்தி சொல்கிறார், அவர்களுக்கு உதவியாயிருக்கும்படி இன்னொருவரைக் கேட்கிறார், அடுத்த மூச்சில் சந்தோஷமாயிருங்கள் என்கிறார். தொடர்பில்லாமல் அடுத்தடுத்து வந்து விழுந்தவை என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கே வருகிறேன் என்பது உனக்குப் புரிந்திருக்கும். அக்காவோடு நீ பேசவில்லை. அம்மாவின் நகை விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கேட்டால் உன் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே சொல்வேன். மன்னிப்பது என்றால் நகையை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தமில்லை. கணக்கை உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம், அதற்கு நான் இருக்கிறேன். ஆனால் ஜெபிக்க உட்காரும்போதெல்லாம் அவள் சொன்ன வார்த்தைகள்தான் முதலில் வருகின்றன என்று நீயே சொன்னாய். அந்த இடத்தில் வேறு எது வந்து உட்காரும்? அக்காவை நேசிக்கிற மனம் வரட்டும், பிறகு பேசுகிறேன் என்று காத்திருந்தால் கிழவியாகிவிடுவாய். எப்படி இருக்கிறாய் என்று ஒரு போன் போடு. நகைப் பேச்சு வேண்டாம்.

வேத வாசிப்புக்கு வருகிறேன். ஒரு வருடத்தில் வேதம் முழுவதும் என்ற அட்டவணையில் பின்தங்கிவிட்டேன் என்று வருத்தப்பட்டாயே, அந்த அட்டவணையைக் கொஞ்ச நாள் தூர வை. நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் தண்ணீர் வாசலுக்கு முன்னான வீதியில் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம்வரை வாசிக்கிறான். லேவியர் அர்த்தம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்ட ஜனம் முதலில் அழுகிறது. அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், இல்லாதவர்களுக்கும் பங்கு அனுப்புங்கள் என்று அனுப்பிவைக்கிறார்கள். அந்த ஜனம் சந்தோஷம் கொண்டாடியதற்கு அங்கே சொல்லியிருக்கிற காரணம், கேட்ட வார்த்தைகள் விளங்கின என்பதுதான். நாளுக்கு ஒரு சங்கீதம் போதும். வாய்விட்டு வாசி, போன் வேறு அறையில் இருக்கட்டும்.

பதின்மூன்றிலிருந்து தொடங்கு. ஆறே வசனம். ஆண்டவரிடம் எதுவரைக்கும் என்று நாலு தரம் கேட்டுவிட்டுப் பாட்டில் முடிகிறது. எண்பத்தெட்டையும் தள்ளிவிடாதே, அது இருளிலேயே முடிகிறது, அதையும் பாட்டுப் புத்தகத்தில்தான் வைத்திருக்கிறார்கள். உனக்கு ஒன்றும் வராத நாளில் அதை வாசித்துவிட்டு ஆமென் சொல்லி எழுந்திருக்கலாம். நம் பக்கத்து டோனாவூரில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்து நோயாளிகளுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். நலமாக இருக்கிறவர்கள் எழுதி அனுப்புகிற ஆறுதல் நோயாளிக்கு எட்டுவதில்லை என்பது அவருடைய அனுபவம். நானும் நல்ல உடம்போடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அதற்குத் தக்கபடி கழித்துக்கொண்டு வாசி.

லெந்தில் எதை விடட்டும் என்று கேட்டாய். கறியை விடுகிறவர்கள் விடட்டும். அதைத் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஏசாயா ஐம்பத்தெட்டு சொல்கிற உபவாசம் பசித்தவனுக்கு ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பது. உன் விடுதியில் சமைக்கிற அம்மாளுக்கு மகள் படிப்புக்குப் பணம் தேவை என்றாயே, அங்கே தொடங்கு. ஒன்றை மறந்துவிடாதே: சாம்பல் புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிவரை எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு நாள் வரும். ஞாயிறுகள் உயிர்த்தெழுதலின் நாட்கள் என்பதால் அவற்றை நாற்பதில் சேர்ப்பதில்லை. லெந்துக்கு நடுவிலும் வாரத்துக்கு ஒரு நாள் ஈஸ்டர்தான். அன்றைக்காவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நன்றாகச் சமைத்து நாலு பேரோடு சாப்பிடு.

பெரிய வியாழன் இரவு நம் கோயிலில் நற்கருணை இருக்கிறது. அக்கா புதன்கிழமையே பிள்ளைகளோடு வருகிறாள் என்று உன் பெரியம்மா சொல்கிறாள். நாகர்கோவில் ரயிலில் இப்போதே டிக்கெட் போடு, பண்டிகை நெருங்கினால் கிடைக்காது. போட்டதும் எனக்குச் சொல், ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா