சூரியன் எழாத ஏழு வாரங்கள்



கார்த்திகை, மார்கழி மாதங்களில் இரண்டு நாள் விடாது மழை பெய்தாலே நாம் சலித்துக்கொள்கிறோம். உடுப்புக் காயவில்லை, விறகு நனைந்துவிட்டது என்று முறையிடுகிறோம். ஏழு வாரங்கள் சூரியனே எழாத ஊரில் மக்கள் எவ்வாறு மகிழ்ச்சியுடன் வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நம்மவர் பலருடைய பிள்ளைகளும் சகோதரரும் நோர்வே நாட்டில் வாழ்வதால், இது நமக்குத் தொலைவான செய்தியன்று.

இருள் வரும் விதம்

வடதுருவ வட்டத்துக்கும் வடக்கே, ஏறக்குறைய 350 கிலோமீற்றர் தூரத்தில், துரொம்சோ என்னும் நோர்வேப் பட்டினம் உள்ளது. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், நவம்பர் 27 அளவில் மறையும் சூரியன் சனவரி 15 வரை அங்கே அடிவானத்துக்கு மேல் வருவதில்லை. சூழ மலைகள் இருப்பதால், சனவரி 21 அளவிலேதான் அதன் முகம் பட்டினத்தில் தெரியும். ஆயினும் அது முழு இருளன்று. நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் வானமும் பனியும் நீல நிறமாய் ஒளிரும்.

ஓர் ஆராய்ச்சி

இந்த இருளிலும் மக்கள் சோர்ந்து போகாதிருப்பது எப்படி என்பதை அறிய, காரி லீபோவிட்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி 2014ஆம் ஆண்டு அங்கே சென்றார். ஒஸ்லோ, துரொம்சோ, இன்னும் வடக்கேயுள்ள சுவால்பார்ட் ஆகிய இடங்களில் வாழ்வோரை விசாரித்தார். வடக்கே போகப் போக, குளிர்காலத்தைப் பற்றிய நல்லெண்ணம் கூடியிருக்கக் கண்டார். அந்த நல்லெண்ணம் உடையோர் தம் வாழ்வில் கூடிய திருப்தியும் உடையோராய் இருந்தனர். குளிர்காலம் எதைப் பறித்தது என்று கணக்குப் பார்ப்பதைவிட, அது எதைத் தருகிறது என்று தேடுவதே அவர்கள் வழக்கம்.

சின்னச் சின்ன இன்பங்கள்

அவர்கள் தேடுவது பெரிய காரியங்கள் அல்ல. மேசையில் ஒரு மெழுகுதிரி, கம்பளிக் காலுறை, சூடான கோப்பி, அயலவரோடு சிறிது பேச்சு. வெளியே மின்விளக்குப் போட்ட பாதைகளில் பனிச்சறுக்குப் பலகை கட்டிச் செல்வார்கள். "கெட்ட காலநிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்பே உண்டு" என்பது அவர்கள் பழமொழி. திருவருகைக்கால ஞாயிறு ஒவ்வொன்றிலும் ஒரு திரி கூடுதலாக ஏற்றுவார்கள். டிசம்பர் 13இல், புனித லூசியாவின் நாளன்று, சிறுவர் வெள்ளுடை தரித்து விளக்கேந்தி வருவார்கள். சூரியன் திரும்பும் நாளில் இனிப்புப் பணிஸ் வாங்கி உண்டு மகிழ்வார்கள்.

கவனிக்க வேண்டியவை

வெயிலில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த இருள் கடினமானதே. நல்லெண்ணம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்க்கும் என்று எண்ணலாகாது. வெயில் படாத காலத்தில் உடலுக்கு விற்றமின் டி குறையும். அதனாலேயே நோர்வே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட் மீனின் ஈரல் எண்ணெயைக் குடித்து வருகின்றனர். வாரக்கணக்காக உறக்கம் கெட்டு, எதிலும் விருப்பமற்று ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால், அது சோம்பல் அல்ல, நோயாக இருக்கலாம். வைத்தியரிடம் போகும்படி அன்போடு வற்புறுத்துங்கள்.

நாமோ தொலைபேசியில், "ஐயோ, அந்தக் குளிருக்குள்ளை எப்படித்தான் இருக்கிறியோ!" என்று மட்டும் புலம்புகிறோம். அது பிள்ளையின் பாரத்தைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. அதற்குப் பதிலாக, "மகன், இண்டைக்கு வெளியாலை நடந்தனியோ? என்ன சமைச்சனி? ஆர் வந்தவை?" என்று கேட்டுப் பாருங்கள். அன்றைய நாளில் சொல்லத்தக்க ஒரு நல்ல காரியத்தை அவன் தேட வேண்டியிருக்கும். தேடுகிறவன் கண்டடைவான்.

சிந்தனைக்கு

1. சென்ற மழைக்காலத்தில் நம் வீட்டார் ஒன்றாய் மகிழ்ந்த ஒரு மாலைப்பொழுதை நினைவுகூர முடிகிறதா?

2. வெளிநாட்டில் தனித்திருக்கும் நம் உறவினரோடு அடுத்த முறை பேசும்போது என்ன கேட்போம்?

3. இன்றிரவு விளக்கைச் சுற்றி அமர்ந்து, இன்று கிடைத்த ஒரு சிறு இன்பத்தை ஒவ்வொருவரும் சொல்லலாமா?