வீட்டுக் கணிப்பொறியும் விமானப் பயிற்சியும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது பழமொழி. அவ்வாறாயின், கணிப்பொறித் திரையில் ஓட்டும் விமானம், விமானியாக விரும்பும் மாணவிக்கு உதவுமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

தோற்றம்

தரையில் இருந்தபடியே பறக்கக் கற்பிக்கும் கருவிக்குச் சிமுலேட்டர் என்று பெயர். இதில் முன்னோடியானவர் அமெரிக்கரான எட்வின் லிங்க். ஆர்கன் செய்யும் குடும்பத்தில் பிறந்த அவர், அவ்வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே 1929-இல் தம் சிறு பொம்மை விமானத்தைச் சாயவும் திரும்பவும் செய்தார். பலர் அதனை விளையாட்டுப் பொருளாகவே கருதினர். 1934-இல் தபால் சுமந்து சென்ற அந்நாட்டு இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் சிக்கி மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் ஆறு கருவிகளை வாங்கியது. 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஃப்ளைட் சிமுலேட்டர்' வெளிவந்து, வீட்டு மேசைக்கே இக்கலையைக் கொண்டு வந்தது.

பயன்கள்

மேகத்திற்குள் விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால், சிறிது நேரத்தில் அது நேராகச் செல்வதாகவே நம் உட்செவி உணர்த்தும். அந்த உணர்வை நம்பியவர் அழிவர். உயரமானியையும் வேகமானியையும் செயற்கை அடிவானத்தையும் நம்பியவர் பிழைப்பர். இக்கருவிகளை முறையாகப் பார்த்துப் பழகவும், செய்ய வேண்டியவற்றை வரிசை தவறாமல் செய்யவும், என்ஜின் நின்றால் என்ன செய்வது என்று ஆபத்தின்றி அறியவும் வீட்டுக் கணிப்பொறி துணைபுரிகிறது.

1990-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்தனர். புதிய பாடத்தை முதலில் கணிப்பொறியில் கற்றவர்களுக்கு வானில் பறக்கும் நேரம் மிச்சமாயிற்று. கற்ற பாடத்தையே திரும்பச் செய்தபோதோ இலாபம் குறைந்தது.

குறைகள்

இருக்கையில் உடல் அழுந்துவதையும், காற்றின் உலுக்கலையும், உயிரச்சத்தையும் திரை தராது. தரையிறங்கும் வேளையில் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடும் திறனும் அதில் முழுமையாக வாராது. வெளியே பார்க்க வேண்டிய கண் கருவிகளிலேயே நிலைத்துவிடும். ஆசிரியர் இன்றிப் பழகிய தவறு கையில் ஊறிவிட்டால், அதனைக் களைவது எளிதன்று.

ஆகவேதான் நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டில் ஆடிய மணிகள் கணக்கில் சேரா.

நமக்கு என்ன?

நம் தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. அருகிலிருப்பது ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையமே. விமானத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி பெறப் பல்லாயிரம் ரூபாய் செலவாகும். எளிய குடும்பத்துப் பெண், முதற்பாடங்களைத் திரையில் கற்றுக்கொண்டு பயிற்சிக்குச் சென்றால், பெற்றோரின் பணம் வீணாகாது. விளையாட்டாக அன்றி, பாடநூலும் குறிப்பேடும் அருகில் வைத்துப் பழக வேண்டும்.

1985-இல் கேப்டன் சௌதாமினி தேஷ்முக் தலைமையில், பெண்களே இயக்கிய விமானம் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பறந்தது. அவ்வழியில் செல்ல விரும்பும் தோழியரே, இயற்பியலையும் கணிதத்தையும் ஊன்றிப் படிப்போம். திரை நமக்கு அரிச்சுவடி, வானமே பள்ளி. அரிச்சுவடியோடு நின்றுவிடாமல், அதனைத் தவிர்க்கவும் செய்யாமல் முன்னேறுவோமாக!