சாட்சியை நம்புவது மட்டமான அறிவா?

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தத்துவ வகுப்பில், போதிய ஆதாரமின்றி நம்புவது தவறு என்ற கிளிஃபோர்டின் கட்டுரையைப் படித்ததிலிருந்து கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருந்தாய். ‘நான் நம்புவதெல்லாம் யாரோ சொல்லிக் கேட்டதுதானே’ என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கேட்டதற்காக வெட்கப்படாதே.

முதலில் கிளிஃபோர்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். 1877இல் வந்த அந்தக் கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பழுது பார்க்கப் பணம் செலவாகும். சந்தேகத்தை மெல்ல மெல்ல அடக்கி, ‘இத்தனை தடவை போய்வந்த கப்பல்தானே’ என்று தன்னையே நம்பவைத்து, குடிபெயரும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். நடுக்கடலில் கப்பல் மூழ்குகிறது. இவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருக்கிறார். கப்பல் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்திருந்தாலும் இவர் குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்டு. 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன குழுவில் இருந்து, சிசிலிக்கு அருகே கப்பல் உடைந்து உயிர் பிழைத்தவர் அவர். அந்த முதலாளி விஷயத்தில் அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

ஆனால், வகுப்பில் பெரும்பாலும் இந்தக் கப்பலோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்டுரையின் இரண்டாம் பகுதி, பிறர் சொல்லை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றியது. சொல்பவர் உண்மை பேசுகிறவரா? அந்த விஷயத்தை அறியக்கூடிய இடத்தில் இருந்தவரா? இரண்டையும் கேள் என்கிறார். ஆக, கேள்விப்பட்டு நம்புவதையே அவர் தள்ளவில்லை. விசாரிக்காமல் நம்புவதைத்தான் தள்ளுகிறார்.

இந்த வேறுபாட்டை அவருக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் முன்னாலேயே அகுஸ்தீன் கையாண்டிருக்கிறார். ‘நம்பச் சொல்ல மாட்டோம், அறிவாலேயே நிரூபிப்போம்’ என்று வாக்குக் கொடுத்த மானி மதத்தாரோடு சுமார் ஒன்பது ஆண்டு இருந்தவர் அவர். நிரூபணம் வரவேயில்லை, கடைசியில் அவர்களுடைய கட்டுக்கதைகளைத்தான் நம்பச் சொன்னார்கள். வெளியே வந்தபின், தானே அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்ட ஹொனோராத்துஸ் என்ற நண்பருக்கு ‘நம்புவதன் பயன்’ என்ற நூலை எழுதினார். நம்புவது வேறு, எதையும் நம்பிவிடும் குணம் வேறு என்று அதில் பிரித்துக் காட்டுகிறார். பார்க்காத ஊர்களும், பிறக்குமுன் நடந்த சம்பவங்களும் இருக்கட்டும். தன் தாய் தகப்பன் யார் என்பதையே பிறர் சொல்லித்தானே ஒருவன் அறிகிறான் என்பது அவர் வாதம். இன்றைக்கு மரபணுச் சோதனை இருக்கிறதே என்பாய். அந்த ஆய்வக அறிக்கையையும் நீ நம்பித்தானே வாங்குவாய்!

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தாமஸ் ரீட் இதை இன்னும் ஆழமாய்த் தோண்டினார். நியூ மாக்கர் என்ற ஊரில் குருவாய் இருந்து, பிறகு பேராசிரியர் ஆனவர். குழந்தை முதலில் நம்புகிறது. அந்த நம்பிக்கையால் பேச்சைக் கற்றபின்தான் அதற்குச் சந்தேகப்படவே தெரிகிறது என்பது அவர் கண்டது. நம்பிக்கை முந்தியது, விசாரணை பிந்தியது. எனக்கு இதுதான் முக்கியமாய்ப் படுகிறது.

உன் ஸ்நேகிதன் மேற்கோள் காட்டுவதாய் நீ எழுதிய தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா, ரீடின் வழியில் வந்தவர். 1967இல் வந்த தன் நூலில், எதிரே நிற்கிறவருக்கு மனம் என்று ஒன்று உண்டு என்பதையே அசைக்கமுடியாதபடி நிரூபிக்க முடியாதபோது கடவுளுக்கு மட்டும் ஏன் அந்த நிபந்தனை என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேடயமாய்த் தூக்கிக்கொண்டு விவாதத்துக்குப் போகாதே. ‘இப்படியே போனால் யாரும் எதையும் நம்பலாமே’ என்ற எதிர்வாதம் லேசானதல்ல. 2000இல் எழுதிய பெரிய நூலிலும் அவர் காட்டுவது, கிறிஸ்தவ விசுவாசம் உண்மையாய் இருந்தால் அது அறிவென்று கொள்ளத்தக்கது என்பதையே. உண்மையா என்ற கேள்விக்குத் தத்துவம் போதாது என்று அவரே முடிக்கிறார். ஸ்நேகிதன் அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்திருக்க மாட்டான்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்கிறேன். கன்வென்ஷன் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்களிடம் கிளிஃபோர்டின் இரண்டு கேள்விகளையும் நாம் கேட்பதே இல்லை. வியாதி சுகமானதாக ஒருவர் சொன்னால் அல்லேலூயா போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்துகிற ஒருவருக்கு ஏதாவது ஆனால், நாமும் அந்தக் கப்பல் முதலாளிகள்தான். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு தினமும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அதற்காக அவர்களை மெச்சுகிறது. சந்தேகம் கேட்கிற பிள்ளைகளை நாம் மெச்சுகிறோமா?

சரி, எதை வைத்து விசாரிப்பது? நம் பாளையங்கோட்டையில் பிறந்து கோயம்புத்தூரில் பேராயராய் இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, இந்தியத் தத்துவ மரபு அறிவுக்கு வைக்கும் அளவைகளை (பிரமாணங்களை) எடுத்து, கிறிஸ்தவனுக்கு வேதம், திருச்சபை, பகுத்தறிவு, அனுபவம் என்ற நான்கையும் வைத்தார். அனுபவம் மட்டும் என்றால் அவரவர் மனம் போன போக்கு. பகுத்தறிவு மட்டும் என்றால் உன்னுடைய இப்போதைய நிலை. திருச்சபையை ஓர் அளவையாய் அவர் வைத்ததுதான் இப்போது உனக்கு உதவும். விசுவாசப் பிரமாணம் வாயில் வராத ஞாயிறன்று, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நில். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வருமுன் ஒரு வேலை செய். கிளிஃபோர்டின் இரண்டாம் பகுதியை வாசி. பிறகு லூக்காவின் முதல் நான்கு வசனங்களையும், 1 கொரிந்தியர் 15இல் பவுல் அடுக்குகிற சாட்சிகளையும் எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு கேள்விகளையும் அவர்களிடம் போடு. எது தேறுகிறது, எது தேறவில்லை என்று எனக்கு எழுது. தேறாததையும் மறைக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் தாய்மாமா