மழையை அளக்கும் மாணவர்

போட்டி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது பரிசுக் கோப்பையே. ஆனால் விஞ்ஞானப் போட்டியின் பயன் கோப்பையில் இல்லை. மாணவனை அது எத்தகைய கேள்வியின்முன் நிறுத்துகிறது என்பதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் தேசிய விஞ்ஞானத் திறனறித் தேர்வு 1963ஆம் ஆண்டு தொடங்கியது. முதலில் டில்லியில் மட்டும் 10 உதவித்தொகைகள். மறு ஆண்டு நாடு முழுவதற்கும் 350. நல்ல முயற்சியே. எனினும் 1976 வரை அதனை ஆங்கிலத்திலேயே எழுத வேண்டியிருந்தது. தாய்மொழியில் பயின்ற பிள்ளைகள் பலர் வாசலிலேயே நின்றுவிட்டனர். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு வேறு வழி கண்டது. 10 முதல் 17 வயது வரையுள்ளோர் குழுவாகச் சேர்ந்து தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய வேண்டும். கண்டதைத் தம் மொழியிலேயே எடுத்துரைக்கலாம்.

இம்முறை நம் அந்தமானுக்கு மிகவும் ஏற்றது. பெரிய ஆய்வுக்கூடங்கள் கடலுக்கு அப்பால் இருக்கலாம். ஆராய்ச்சிக்குரிய பொருளோ வீட்டு வாசலிலேயே இருக்கிறது. மழையையே எடுத்துக்கொள்வோம். இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயினும் 2024 வரை போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் கோடை வந்தால் தண்ணீர்ப் பஞ்சம். மலைச்சரிவில் விழும் நீர் விரைந்து ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது.

ஒரு தகர டப்பாவும் அளவுகோலும் இருந்தால் ஆராய்ச்சி தொடங்கிவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எனவே 50 சதுர மீட்டர்க் கூரையில் ஆண்டுக்கு 1,50,000 லிட்டர் விழும். ஐவர் வாழும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் எனக் கொண்டால், மழையற்ற 100 நாட்களுக்கு 50,000 லிட்டர் வேண்டும். விழுவதில் மூன்றில் ஒரு பங்குதான்! அப்படியாயின் குறை மழையில் இல்லை, தேக்குவதில் இருக்கிறது. அத்தனை பெரிய தொட்டிக்கு இடம் எங்கே? செலவு என்ன? கூரை நீர் குடிக்கத் தக்கதா? ஒரு கணக்கு மூன்று கேள்விகளைப் பெற்றுவிட்டது. விஞ்ஞான ஆர்வம் என்பது இதுவன்றோ?

போட்டிகளைக் கெடுப்பது ஒன்றுண்டு: பெரியவர்கள் செய்து கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பிப்பது. அதனால் பரிசு வரலாம், அறிவு வராது.

தோழர்களே! கப்பலேறி வந்த தமிழர் பிள்ளைகள் இத்தீவுகளில் தமிழ்வழியிலும் பயில்கின்றனர். முதுநிலை விஞ்ஞானம் கற்கும் நாம் ஆளுக்கொரு பள்ளிக் குழுவை ஏற்று, மாதம் ஒரு ஞாயிறாவது அவர்களுடன் இருக்கலாகாதா? விடையைச் சொல்லித் தர வேண்டா. அளவுகோலைக் கையில் கொடுத்தால் போதும்.